பேசினால் செத்துப்போகும் கூகை

கிடங்குத் தலைவருக்கு இரண்டு விஷயங்கள் என்றால் உயிர். ஒன்று வெள்ளை நிறம். மற்றது மைக்.

அவருடைய சட்டை வெள்ளை, செருப்பு வெள்ளை, கார் வெள்ளை, கார் இருக்கையில் விரித்திருக்கும் துண்டும் வெள்ளை. தலைமுடி மட்டும் கறுப்பு. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே கண்ணாடி முன் உட்கார்ந்து கறுப்பாக்கிக்கொள்வது.

மைக்கைப் பார்த்துவிட்டால் அவருக்கு வாய் நிற்காது. தானியக் கிடங்குக்குப் புதுத் தராசு வந்த அன்று பேசினார். பழைய தராசை வெளியே தூக்கிப் போட்ட அன்றும் பேசினார். மூட்டை தூக்குபவர்கள் இரண்டு பேச்சையும் மூட்டைமேல் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மிகவும் ஆழ்ந்து கேட்டார்கள். சிலர் குறட்டையும் விட்டார்கள்.

அந்தக் கிடங்கின் கூரைக்குக் கீழே, மேல்தளத்தில், ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. அதில் இரண்டு கூகைக் குஞ்சுகள் இருந்தன. கூகை என்பது ஆந்தைகளில் ஒரு வகை. ஆப்பிளை இரண்டாக வெட்டி, நடுவில் இரண்டு கண்ணை வைத்தது போல முகம்.

பெட்டியை வைத்தது எலிக்குட்டியின் அம்மா. காட்டிலும் வயலிலும் வாழும் கூகைகளைப் பற்றி ஆராய்வதுதான் அம்மாவின் வேலை. எலிக்குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. ஆனால் எந்த இடுக்கிலும் புகுந்து வெளியே வந்துவிடுவதால் வீட்டில் எலிக்குட்டிதான்.

“ஆந்தை ஆராய்ச்சி பண்ற வீட்டுல எலிக்குட்டியா? பத்திரமா பார்த்துக்கோங்க” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பார்க்கும்போதெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

இப்போது பெட்டிக்கு ஆபத்து வந்திருந்தது. கிடங்குக்கு உள்ளும் புறமும் வெள்ளையடிக்கத் தலைவர் முடிவு செய்துவிட்டார். அத்தனை வெள்ளைக்கு நடுவே அழுக்கு நிறத்தில் ஒரு பெட்டி எதற்கு, கழற்றி எறியுங்கள் என்றார். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. பெட்டி போனால் தாயும் தகப்பனும் இரை கொண்டுவந்து கொடுக்க இடம் இருக்காது.

அம்மா போய்க் கெஞ்சினார். தலைவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் மாட்டுவதை ஒரு விழாவாக வைக்க வேண்டும். அப்போது குஞ்சு அவர் கையில் இருக்க வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். அவர் பேச வேண்டும்.

“விழா நல்லா நடந்தா பெட்டி இருக்கட்டும். இல்லேன்னா மறுநாளே கழட்டிடுவோம்” என்றார்.

விழா நாள் வந்தது. அம்மா ஏணியில் ஏறி, குஞ்சுகளை ஆளுக்கொரு துணிப்பையில் போட்டு இறக்கிக் கொண்டுவந்தார். எலிக்குட்டி இரண்டு பைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். ஒரு குஞ்சின் மார்பு பால் மாதிரி வெள்ளை. இன்னொன்றின் மார்பு வறுத்த கோதுமை நிறம். அதன்மேல் மிளகைப் பொடித்துத் தூவியது போல நிறையக் கறுப்புப் புள்ளிகள்.

“இதுல எதும்மா சாது?”

“புள்ளி போட்டது. புள்ளி நிறைய இருக்கிறது கையில எடுத்தா பெரும்பாலும் அசையாம கிடக்கும். ரொம்ப பயந்தா செத்த மாதிரியே படுத்துடும். சத்தமெல்லாம் அடங்கினப்புறம்தான் எழும். புள்ளி இல்லாதது பெரும்பாலும் முரண்டு பிடிக்கும்.”

“ஏன் அப்படி?”

“அதைத்தான் இன்னும் எல்லாரும் தேடிக்கிட்டு இருக்கோம்.”

‘பெரும்பாலும்’ என்பது அம்மாவின் செல்ல வார்த்தை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, நன்றாக யோசித்து, “பெரும்பாலும்” என்பார்.

தலைவருக்கு அந்த வார்த்தையே தெரியாது. வெள்ளைக் கார் வெள்ளையாக வந்து நின்றது. அவர் இறங்கினார். பின்னாலேயே குடை, பேச்சுத் தாள்கள், தண்ணீர் பாட்டில் மூன்றையும் அணைத்துக்கொண்டு உதவியாளர் இறங்கினார்.

அம்மா தலைவரிடம் விவரத்தை எடுத்துச் சொன்னார். போட்டோவுக்குப் புள்ளிக் குஞ்சுதான் தோதாக இருக்கும், வெள்ளையைக் கையில் எடுத்தால் ஆர்ப்பாட்டம் செய்யும், பெரும்பாலும் அப்படித்தான் என்றார்.

தலைவர் புள்ளிக் குஞ்சைப் பார்த்தார். துவைக்காத துணியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“நிறத்தைப் பார்த்தாலே குணம் தெரியலையாம்மா? வெள்ளைன்னாலே சாந்தம். கௌரவம். அதைக் குடுங்க.”

“ஆமாங்க ஐயா, பார்த்தாலே தெரியுது” என்றார் உதவியாளர். அவர் பார்க்கவே இல்லை.

வெள்ளைக் குஞ்சைத் தலைவர் கையில் வாங்கினார். அவ்வளவுதான். அது குக்கரில் ஆவி வெளியேறுவது போலச் சீறியது. ஒரு காலால் சட்டைப் பித்தானைப் பிடித்தது. மறுகாலால் தலைவரின் கட்டைவிரலைப் பிடித்தது. இரண்டையும் விடுவதாக இல்லை. தலைவர் மேடையிலேயே ஒரு முழுச் சுற்று சுற்றினார். போட்டோக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். கடைசியாகக் குஞ்சு தன் வாலைத் தூக்கி, தலைவரின் நெஞ்சுக்கு நேராக ஒரு காரியம் செய்தது.

உதவியாளர் ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

“கவலைப்படாதீங்க ஐயா. அதுவும் வெள்ளைதான். வெள்ளையில வெள்ளை தெரியாது.”

மூட்டை தூக்குபவர்கள் முதன்முறையாக ஒரு விழாவில் கண் விழித்து உட்கார்ந்தார்கள்.

அம்மா வெள்ளைக் குஞ்சைப் பிரித்து எடுத்து, வளையத்தை மாட்டி, பெட்டியில் விடுவதற்காக ஏணியில் ஏறினார். புள்ளிக் குஞ்சைத் தான் வரும்வரை பைக்குள்ளேயே வைத்திருக்கும்படி எலிக்குட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். ஆனால் அம்மா மேல்தளத்தில் கால் வைத்ததும், போட்டோவில் ஏணி அசிங்கமாக விழுகிறது என்றார் தலைவர். உதவியாளர் உடனே ஏணியை எடுத்துப் போய் வாசலுக்கு வெளியே சாத்திவிட்டு வந்தார். அம்மா மேலேயே மாட்டிக்கொண்டார். அங்கிருந்து கூப்பிட்டார். கீழே மைக் போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

தலைவர் எலிக்குட்டியின் கையிலிருந்த பையை வாங்கி, புள்ளிக் குஞ்சைத் தானே வெளியே எடுத்தார்.

“பெரியோர்களே” என்றார் மைக்கில்.

குஞ்சு கண்ணை மூடியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கால் இரண்டும் தொங்கின.

கிடங்கே அடங்கிப்போனது. பின்னால் யாரோ, “கொன்னுட்டாரு” என்றார்கள். போட்டோக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார். தலைவரின் முகம் அவர் சட்டையைவிட வெளுத்தது. ஆனால் அவர் எத்தனையோ மேடைகளைக் கண்டவர். குஞ்சை மேசைமேல் மெல்லக் கிடத்தினார். தொண்டையைச் செருமினார். உதவியாளர் நீட்டிய வாழ்த்துரைத் தாள்களை வாங்கி, அதையே இரங்கல் உரையாக்கிப் பேசத் தொடங்கினார்.

“விண்ணளக்கப் பிறந்து மண்ணில் சாய்ந்த இளங்கூகையே...”

எலிக்குட்டி உதவியாளரிடம் ஓடினாள். “அது சாகலை மாமா. பயந்துபோய்ப் படுத்திருக்கு. அவரை நிறுத்தச் சொல்லுங்க.”

உதவியாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஐயா இரங்கல் பேச ஆரம்பிச்சுட்டாரும்மா. இனிமே அது உயிரோட இருந்தா மரியாதையா இருக்காது.”

எலிக்குட்டி மேசைக்கு அடியில் புகுந்து குஞ்சுக்குப் பக்கத்தில் தலையை நீட்டினாள். தலைவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். குஞ்சு ஒரு கண்ணைத் திறந்தது. தலைவர், “கூகையே” என்றார். கண் மூடிக்கொண்டது. பக்கம் புரட்ட நிறுத்தினார். கண் திறந்தது. “ஓ கூகையே” என்றார். மூடிக்கொண்டது.

பேச்சுத் தாள்கள் இன்னும் ஒரு கட்டு பாக்கி இருந்தன. இப்படியே போனால் பயத்திலேயே குஞ்சுக்கு உண்மையாக ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. மைக்கைப் பிடுங்கலாம். ஆனால் எல்லாருக்கும் முன்னால் தலைவருக்கு அவமானமாகிவிடும். அப்புறம் பெட்டியை இன்றே கழற்றச் சொல்லிவிடுவார். அவருடைய கையைப் பார்த்தாள். பிடித்த பிடியில் தாள்களின் ஓரமெல்லாம் கசங்கிப்போயிருந்தது. பாவம், அவரும்தான் பயந்துபோயிருந்தார். பயந்தால் கூகை படுத்துக்கொள்ளும், இவர் பேசுவார் போலிருக்கிறது.

அவள் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து, அவர் சட்டையை மெல்ல இழுத்தாள்.

“ஐயா, மௌன அஞ்சலி சொல்ல மறந்துட்டீங்களே.”

தலைவர் திடுக்கிட்டார். அவர் வாழ்க்கையில் எந்த விழாவிலும் ஒரு முறையைத் தவறவிட்டதில்லை.

“அனைவரும் எழுந்து நின்று மௌனம் காக்கவும்” என்று மைக்கில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். எலிக்குட்டி மைக்கின் பொத்தானைச் சத்தமில்லாமல் அணைத்தாள். மேலே அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கிடங்கில் ஓர் ஈ பறந்தால்கூடக் கேட்டிருக்கும்.

குஞ்சு ஒரு கண்ணைத் திறந்தது. இன்னொரு கண்ணையும் திறந்தது. புரண்டு எழுந்தது. தலையைப் பந்து மாதிரி சுற்றிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, மேசையின்மேல் தத்தித் தத்தி நடந்து, தலைவரின் சுட்டுவிரல்மேல் ஏறி உட்கார்ந்தது.

தலைவர் கண்ணைத் திறந்தார்.

“பார்த்தீர்களா, என் அஞ்சலியின்...”

குஞ்சு பொத்தென்று மல்லாந்தது.

கூட்டம் ‘உச்’ கொட்டியது. மூட்டை தூக்குபவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டு, “பேசாதீங்க ஐயா” என்று உதட்டசைவில் கெஞ்சினார். எலிக்குட்டியும் விரலை உதட்டில் வைத்தாள்.

தலைவர் ஒரு கையிலிருந்த தாள் கட்டைப் பார்த்தார். மேசையில் கிடந்த குஞ்சைப் பார்த்தார். ‘விண்ணளக்க’ வரைதான் வந்திருந்தார். ‘கடலளக்க’ இன்னும் பாக்கி இருந்தது. ஆனாலும் தாள்களை நாலாக மடித்து, எச்சம் பட்ட சட்டைப்பைக்குள்ளேயே செருகினார்.

மீண்டும் அமைதி. மீண்டும் ஒரு கண். குஞ்சு எழுந்து, பழைய விரலிலேயே ஏறி உட்கார்ந்து, இறகை உதறிக்கொண்டது. தலைவர் மூச்சுவிடக்கூட யோசித்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. மேடையில் யாரும் பார்த்திராத சிரிப்பு அது.

உதவியாளர் நுனிக்காலில் நடந்து போய் ஏணியைக் கொண்டுவந்தார். அம்மா இறங்கி, குஞ்சின் காலில் வளையத்தைச் சத்தமில்லாமல் மாட்டினார். போட்டோக்காரர் படம் பிடித்தார். தலைவர் வாயை மூடியிருக்கும் போட்டோ தன்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை என்று பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது எலிக்குட்டி தலைவரின் காதருகே போனாள்.

“விழா நல்லா நடந்துச்சு இல்லைங்களா ஐயா? பெட்டி அங்கேயே இருக்கட்டுமா?”

தலைவர் வாயைத் திறக்கப் போனார்.

“சரின்னா தலையை ஆட்டுங்க போதும்” என்றாள் எலிக்குட்டி. “வேண்டாம்னா மட்டும் வாயைத் திறந்து சொல்லுங்க.”

தலைவர் அவளைப் பார்த்தார். விரலில் உட்கார்ந்திருந்த குஞ்சைப் பார்த்தார். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

கைதட்ட முடியாததால் எல்லாரும் கையை மேலே தூக்கி ஆட்டினார்கள்.

கிடங்குக்கு வெள்ளையடித்தார்கள். பெட்டியை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்கள். குஞ்சுகள் வளர்ந்து பறந்தும் போயின. முதலில் பறந்தது எது என்று கேட்டால், “வெள்ளைதான், பெரும்பாலும்” என்கிறார் அம்மா.

தலைவரை இப்போதும் எல்லா விழாவுக்கும் கூப்பிடுகிறார்கள். கூப்பிட வருகிறவர்கள் அவரைப் பார்த்து வணங்கிவிட்டு, நேராக எலிக்குட்டி வீட்டுக்கு வந்து, புள்ளி போட்ட கூகை ஒன்று அன்றைக்கு மட்டும் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.