அரியபுத்திரனாரின் சுவர்

காலை ஐந்தரை மணிக்கு மருதநகர் தன் சுவர்களை மாற்றிக்கொண்டது. நேற்றுவரை தாமரைக் குளமாக இருந்த கடைத்தெரு யானைக் கூட்டமாகிவிட்டது. மருத்துவமனையின் நெடுஞ்சுவரில் மழை பெய்தது. செவ்வாய்க் கோளில், நகரத்தை மூடியிருந்த கண்ணாடிக் குமிழுக்கு வெளியே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சிவப்பு. படம் பார்க்காத மனிதனுக்கு அங்கே புத்தி பேதலித்துவிடும் என்று மருத்துவர்கள் முதல் தலைமுறையிலேயே கண்டு சொல்லிவிட்டார்கள். ஆகவே குடிநீரைப் போல, மூச்சுக்காற்றைப் போல, ஓவியம் தருவதும் நகரத்தின் கடமையாயிற்று. சுவர்களின் மேல் போர்த்திய படத்தோல் தினமும் விடியலில் நிறம் மாறும். எந்தச் சுவருக்கு எந்தப் படம் என்பதை நகரி தீர்மானிக்கும். நகரி என்பது அந்த ஊரையே நடத்தும் இயந்திர மூளை.

பொன்னுரங்கம் யானைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. எழுபது வயதிலும் வளையாத முதுகோடு நகர மன்றத்தை நோக்கி நடந்தார். இத்தனை சுவர் இருந்தும் அவருடைய தந்தை அரியபுத்திரனாரின் படம் ஒன்றில்கூட இல்லை. நிலத்தடியில் உறைந்து கிடந்த பனிப்பாறையைக் குடைந்து மருதநகருக்கு முதல் குடம் தண்ணீர் கொடுத்த மனிதர் அவர். குடும்பத்துக்கென்று ஒரு பெயர் இருந்தால் அதை ஊர் பார்க்க வேண்டும். பார்க்காத பெயர் பெட்டியில் பூட்டிய பட்டு வேட்டிதான்.

போன மாதம், மகள் செங்கமலத்தின் கல்யாணப் பந்தியில் சம்பந்தி தணிகாசலம் நூறு பேர் காதில் விழும்படி கேட்டார்.

"எங்க தாத்தா குமிழுக்கு முதல் கதவு மாட்டினவரு. மத்திய மண்டபத்துல இருக்காரு. உங்க அப்பாவை எந்தச் சுவர்ல பார்க்கலாம், சம்பந்தி?"

அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்தான் பொன்னுரங்கம். இன்னும் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

"நிரந்தரப் படம் வேணும். தினம் மாத்துற படம் இல்ல," என்றார் நகரியிடம். "பூமியில நம்ம நகரங்கள்ல பெரியவங்க படத்தைத் தெருச் சுவர்ல எப்படி வெச்சாங்களோ, அச்சு அசலா அப்படியே இருக்கணும். இடமாகட்டும், கீழே எழுதுற வாசகமாகட்டும், மரபு ஒரு நூலளவு மாறக்கூடாது."

நகரி கண்ணிமைக்கும் நேரத்தில் இருபத்தோராம் நூற்றாண்டுத் தமிழ் நகரங்களின் மூன்று லட்சம் தெருப் புகைப்படங்களைப் புரட்டியது.

"சந்தைக்குக் கிழக்கு மூலையில் பொருத்தமான இடம் இருக்கிறது, ஐயா."

"மூலையா? எங்க குடும்பத்துக்கா?"

"ஒரு நாளைக்கு நாலாயிரம் பேர் தேடி வருவார்கள்."

"வர்றவங்க நிப்பாங்களா, போற போக்குல பார்ப்பாங்களா?"

"நின்றுதான் ஆக வேண்டும். சராசரியாக நாற்பது விநாடி. முதலில் தலை குனிவார்கள். பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்ப்பார்கள்."

"வரிசை இருக்குமா?"

"காலையில் நீண்ட வரிசையே இருக்கும், ஐயா."

பொன்னுரங்கம் மீசையைத் தடவிக்கொண்டார். நூறாண்டுக்கு அழிக்க முடியாத ஒப்பந்தத்தில் மறுபேச்சில்லாமல் கைரேகை வைத்தார்.

பத்தாம் நாள் திறப்பு விழா. தணிகாசலத்தை முதல் வரிசையில், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் உட்கார வைத்தார். திரை மேலிருந்து மெல்ல இறங்கியது. முதலில் தலைப்பாகை தெரிந்தது. அடுத்து, எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும் அந்தக் கண்கள். பிறகு முறுக்கிய மீசை. இயந்திரம் தீட்டியது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பொன்னுரங்கம் சம்பந்தியின் முகத்தை ஓரக்கண்ணால் அளந்தார்.

திரை முழுவதும் இறங்கியது. மீசைக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழம் உயரத்தில், "இங்கே சிறுநீர் கழிக்காதே" என்று இருந்தது. அதற்கும் கீழே பளபளவென்று நீளமாக ஓர் எஃகுத் தொட்டி. இடுப்பளவு தடுப்புகள். குழாய் ஒன்று நேரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிற்று.

அவர் வாய் திறப்பதற்குள் சந்தைக்காரர்கள் வரிசை கட்டிவிட்டார்கள்.

"பெருசு, வேலை இல்லாட்டி கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவசரம்!"

தணிகாசலம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சம்பந்தி! உங்க அப்பா அன்னிக்கு ஊருக்குத் தண்ணி குடுத்தாரு. இன்னிக்கு ஊரே திருப்பிக் குடுக்குது!"

"என்ன அக்கிரமம் இது?" என்று பொன்னுரங்கம் நகரியிடம் சீறினார். "கழிக்காதேன்னு எழுதிட்டு, கீழே தொட்டி கட்டியிருக்கியே!"

"தாங்கள் கேட்ட மரபுதான், ஐயா. இந்த வாசகம் இருந்த சுவர்களைப் பார்த்தேன். அவற்றின் அடியில்தான் ஈரம் இருந்தது. பல இடங்களில் மேலே பெரியவர்கள் படமும் இருந்தது. 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்ற சுவரில்தான் நோட்டீஸ்கள். 'குப்பை கொட்டாதே' என்ற பலகையைச் சுற்றித்தான் குப்பை. 'வாகனம் நிறுத்தாதே' என்ற வாசலில்தான் வாகனங்கள். தங்கள் முன்னோர் ஓரிடத்தை ஒரு காரியத்துக்கு ஒதுக்கும்போது, அதைச் செய்யாதே என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பணிவான அழைப்பு முறை என்று குறித்துக்கொண்டேன்."

பொன்னுரங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரம் வெளியே தலை காட்டவில்லை.

எட்டாம் நாள் காலையில் செங்கமலம் வந்து கதவைத் தட்டினாள்.

"அப்பா, மாமா வந்திருக்காரு."

"மிச்சச் சிரிப்பையும் சிரிச்சுட்டுப் போக வந்தாரா?"

"இல்லப்பா. மூஞ்சியே சரியில்ல. வந்து பாருங்க."

தணிகாசலம் உட்காரக்கூட இல்லை. நகரி அன்று காலை நகரத்தின் ஓவியப் பார்வைக் கணக்கை வெளியிட்டிருந்தது. மத்திய மண்டபத்தில் கதவு மாட்டிய தாத்தாவை ஓர் ஆள் பார்த்த நேரம் அரை விநாடி. எல்லாரும் உள்ளங்கைத் திரையைப் பார்த்தபடியே கடந்து போகிறார்கள். யானைக்கும் மழைக்கும் அந்த அரை விநாடிகூட இல்லை. கிழக்கு மூலையில் மட்டும் கை வேறு வேலையில் இருப்பதால் கண்ணுக்கு வேறு கதி இல்லை. அரியபுத்திரனாருக்கு முழுதாக நாற்பத்தோரு விநாடி!

"முடிதிருத்துறவர் கடையில 'அரியபுத்திரன் மீசை' வெச்சு விடுன்னு கேக்கிறாங்களாம், சம்பந்தி," என்றார் தணிகாசலம், தரையைப் பார்த்துக்கொண்டு. "நமக்குள்ள என்ன வேத்துமை? அந்தச் சுவர்ல ஓரமா, சின்னதா, எங்க தாத்தாவுக்கும் ஒரு இடம்..."

ஒரு வாரமாகக் கூனியிருந்த பொன்னுரங்கத்தின் முதுகு கம்பியைப் போல நிமிர்ந்தது.

"அது எங்க அப்பாவோட சுவர், சம்பந்தி. அங்க பங்கு கேட்டு வராதீங்க."

தணிகாசலம் படியிறங்கிய சூட்டோடு பொன்னுரங்கம் நகரியை அழைத்தார்.

"அந்தச் சுவர்ல இனிமே எவன் தாத்தாவும் வரக்கூடாது. ஊர் பூராவும் படிக்கிற மாதிரி கொட்டை எழுத்துல எழுதிப் போடு."

"எழுதிவிடுகிறேன், ஐயா," என்றது நகரி.

மறுநாள் காலை சலவை வேட்டி கட்டி, மீசையை முறுக்கிக்கொண்டு, கிழக்கு மூலைக்குப் புறப்பட்டார். "இங்கே வேறு யார் படமும் வைக்காதே" என்ற வாசகம் தூரத்திலேயே தெரிந்தது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அதைச் சுற்றி, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, முப்பத்தேழு தாத்தாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அரியபுத்திரனாரின் தோளில் கை போட்டபடி, கதவு மாட்டியவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கள் அழைப்புக்கு நல்ல வரவேற்பு, ஐயா," என்றது நகரி. "இடம் போதவில்லை. எதிர்ச் சுவரிலும் எழுதட்டுமா?"