ஓவிய வகுப்பைக் கேட்டவர்கள்

பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போடும் வேலை கணினியின் கைக்குப் போன வருஷம் அது.

அதுவரை ஓவிய வகுப்பு என்றாலே வாலுவுக்குக் கொண்டாட்டம்தான். வாலு என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். அது எப்படியோ பள்ளிவரை வந்து ஒட்டிக்கொண்டது.

ஓவிய அறையில் எப்போதும் ஈரக் காகித வாசனை இருக்கும். ஜன்னலோரக் கயிற்றில் படங்கள் துணி மாதிரிக் காயும். வாலு வரைந்த யானை பூனைபோல இருந்தாலும் ஓவிய டீச்சர் திட்ட மாட்டார். "பரவால்ல, இன்னும் வளரல போல" என்பார்.

அந்த வருஷமும் வாலு விருப்பப் பாடமாக ஓவியத்தைத்தான் கேட்டாள். கிடைத்தது தையல்.

ஓவிய அறைக்குப் போய்ப் பார்த்தால், டீச்சர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் டீச்சர் அவுக்கறீங்க?"

"என்னை வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தப்போறாங்க கண்ணு. வகுப்புல ஆறே பேர்தான். ஓவியம் யாருக்கும் பிடிக்கல போல."

வாலுவுக்குச் சுருக்கென்றது. பிடிக்காமலா?

சாப்பாட்டு இடைவேளையில் தன் வகுப்பில் ஒவ்வொருவராகக் கேட்டாள். "நீ என்ன கேட்ட? என்ன கெடச்சுது?"

"ஓவியம் கேட்டேன். தோட்டவேலை கெடச்சுது."

"நானும் ஓவியம்தான். என்னைத் தையல்ல போட்டுட்டாங்க. எனக்கு ஊசின்னாலே பயம்."

அட்டவணைக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் கணினி சாரிடம் வாலு நேராக ஓடினாள்.

"சார், ஓவியம் கெடச்சவங்க ஆறு பேர். கேட்டவங்க எத்தனை பேர்?"

சார் தலையைச் சொறிந்தார். "அதை நான் பாக்கவே இல்லையேம்மா."

தட்டிப் பார்த்தார். திரையில் பெயர்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன.

"அடேயப்பா, கேட்டும் கிடைக்காதவங்க இவ்வளவு பேரா? எல்லாரும் உன் வகுப்பாவே இருக்காங்களே."

"எங்கமேல மட்டும் கம்ப்யூட்டருக்கு என்ன கோபம் சார்?"

"கோபம் இல்லம்மா. ஓவியத்தை வியாழன் மதியம் வச்சிட்டேன். அப்ப உங்களுக்கு அறிவியல் செய்முறை. ஒரே ஆள் ரெண்டு இடத்துல உக்கார முடியாதே. அதனால உங்களை வேற பாடத்துக்குத் தள்ளிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

"வெள்ளிக்கிழமைக்கு மாத்தினா?"

"மாத்தலாம். ஆனா இப்ப இருக்கற ஆறு பேருக்கும் தோதுப்படணுமே."

அதுவும் சரிதான். தங்களுக்கு இடம் கிடைக்க அவர்கள் இடத்தைப் பறிப்பதா? வாலு மேல்வகுப்புக்குப் போய் அந்த ஆறு பேரையும் தேடிப்பிடித்து விஷயத்தைச் சொன்னாள்.

"டீச்சர் இங்கயே இருந்தா போதும். எந்தக் கிழமையா இருந்தா என்ன?" என்றாள் அவர்களில் உயரமான ஒரு அக்கா. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கணினி சாரே தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசினார். மாற்றல் ரத்தானது.

வெள்ளி மதியம் ஓவிய அறை நிரம்பி வழிந்தது. கடைசியாக வந்த வாலுவுக்கு வாசற்படியில்தான் இடம். டீச்சர் அவள் மடியில் ஒரு காகிதத்தை வைத்தார். அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அன்று என்ன வரைந்தாள் என்பது வாலுவுக்கு மறந்தே போய்விட்டது. இரண்டு பக்கமும் முழங்கைகள் இடித்ததும், 'தள்ளி உக்காரு' என்று யாருமே சண்டை போடாததும் மட்டும் அப்படியே நினைவில் இருக்கின்றன.