கூட இறங்கியவள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கலைமதி இறங்கியபோது தம்பி வெற்றிவேல் பைக்கோடு காத்திருந்தான். ஒன்பது மாதம் அந்தமானில் இருந்துவிட்டு வந்த அக்காவை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாக்கா, கடல்ல போட்டு வறுத்து எடுத்தா மாதிரி இருக்க?"

அவள் சிரிக்கவில்லை. அதையெல்லாம் கவனிக்கிற ஆளா அவன்? வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன். பையை டாங்கின் மேல் வைத்துக்கொண்டு, சிங்கவரம் ரோட்டில் வண்டியை விட்டபடி ஊர்க்கதை முழுக்கச் சொன்னான். கடைசியில் நிலத்தில் போட்டிருந்த நிலக்கடலைக்கு வந்தான்.

"மல்லாட்ட பூ வெச்சிருக்குது. இப்பதான் தண்ணி வேணும். கெணறு நெறைய தண்ணி இருக்குது, ஆனா மோட்டாரு காத்தத்தான் இழுக்குது. அடியில கொழா வாயில இருக்கற ஃபுட்வால்வுல எதுவோ அடச்சிக்கிச்சி. நாளைக்கு முங்கி எடுக்கணும். நீயும் வாயேன், நீதான் பெரிய டைவராச்சே!"

பின்னால் உட்கார்ந்திருந்தவளின் கை அவன் சட்டையை இறுகப் பற்றியது. காற்றுக்குப் பயந்து பிடிக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவளுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். கலைமதி தனியாக அந்தமான் போகவில்லை. கூடப் படித்த பூங்குழலியும் அவளும் சேர்ந்துதான் போனார்கள். பூங்குழலி அவலூர்பேட்டைக்காரி. ஒரு சின்னத் தீவில், சுற்றுலா விடுதியில் இருவருக்கும் வேலை. கூட்டம் இல்லாத மழை மாதங்களில் சம்பளத்தோடு சும்மா இருப்பானேன் என்று ஸ்கூபா கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்கள். இருவரும் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள், தண்ணீர் என்றால் பயமே கிடையாது. வினையே அங்கேதான் இருந்தது.

சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே சொன்னார். முதுகில் சிலிண்டரோடு இறங்கினால் மூச்சை அடக்கவே கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர உள்ளுக்குள் உப்பும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். ஊதிக்கொண்டேதான் வர வேண்டும். கிணற்றுப் பிள்ளைகளுக்கு இது ஏறுமா? யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்பதுதானே அவர்களுடைய பெருமை! பூங்குழலி மறந்து மறந்து வாயை மூடுவாள். அவர் அவள் வயிற்றில் ஒரு குத்து விட்டு ஊத வைப்பார்.

அப்புறம் ஜோடி. இரண்டு பேராக இறங்கி இரண்டு பேராக ஏற வேண்டும். ஒருத்தி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினால் 'நல்லா இருக்கியா' என்று அர்த்தம். மற்றவள் அதேபோல் திருப்பிக் காட்டியே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் அவளுக்கு ஆபத்து என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். பூங்குழலி இடக்கைக்காரி. அந்தக் கையின் சுண்டுவிரல் சின்ன வயதில் தீவனம் வெட்டும் மெஷினில் மாட்டி, மடங்கியபடியே நின்றுபோனது. கலங்கல் தண்ணீரிலும் அந்தக் கையை வைத்தே கலைமதி அவளை அடையாளம் கண்டுகொள்வாள்.

ஒரு நாள் தண்ணீர் அப்படித்தான் கலங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தால் பூங்குழலி இல்லை. கொஞ்சம் தேடிவிட்டு மேலே போய்விட வேண்டும் என்பது சட்டம். கலைமதி தேடினாள், மேலே போனாள். போகும்போது கீழே எங்கோ சிலிண்டரில் இரும்புக் கொக்கியால் தட்டும் சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

பூங்குழலி மேலே வரவில்லை. கலைமதியைத் தேடிக்கொண்டே கீழேயே இருந்திருக்கிறாள். காற்று தீர்கிற நேரத்தில் பயந்துபோய், தன் வீட்டுக் கிணற்றிலிருந்து வருவதுபோல வாயை இறுக மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். படகில் ஏற்றியபோது வாயெல்லாம் ரத்தம், உயிர் இல்லை. நீ செய்தது சரி என்று எல்லோரும் கலைமதிக்குச் சொன்னார்கள். சொல்லி என்ன? தூக்கம் வர வேண்டாமா? அன்றிலிருந்து கணுக்காலுக்கு மேல் அவள் தண்ணீரில் இறங்கியதில்லை.

சாயங்காலம் மோட்டாரைக் காட்டுகிறேன் என்று வெற்றிவேல் அவளைக் கிணற்றுக்குக் கூட்டிப்போனான். பாறையை வெட்டித் தோண்டிய பெரிய கிணறு. நாலு ஆள் ஆழத்துக்குக் கறுத்த தண்ணீர், அதற்குள் இறங்கும் குழாய். வெயில் தணிந்ததால் கீழே பாதி இருட்டு. பாசி வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. அவளுக்குத் தெரிந்த வாசனை அது. ஈர ரப்பர், உப்பு.

குழாய் ஓரமாகக் குமிழிகள் வந்தன. கொத்தாக வந்து நின்றன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு கொத்து.

இழுப்பதும் விடுவதும் போல.

"டேய், கீழ யாரோ மூச்சு விடறாங்கடா."

"எல தழ அழுவி காத்து வருதுக்கா. வந்ததும் வராததுமா பயமுறுத்தாத."

அப்போது குழாய் அதிர்ந்தது.

டங். டங். டங்.

"இது?"

"மோட்டாரு சூடு ஆறுதுக்கா," என்றான். மோட்டார் இரண்டு நாளாக ஓடவேயில்லை என்பது அவனுக்கே அப்போது நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் அம்மா ராஜாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தே பதறினாள். "கூடப் போன பொண்ண வாரிக் குடுத்துட்டு வந்திருக்குது, புத்தி எப்டி நிக்கும்? கமலக்கண்ணி அம்மனுக்கு வேண்டிக்கிறேண்டி. சாப்புடு மொதல்ல." கலைமதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, வேலுவ கெணத்துல எறங்க வேணாம்னு சொல்லு. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தாம்மா." அம்மா சோற்றை அள்ளித் தட்டில் வைத்தாள். அப்பா போன பிறகு அந்த நிலக்கடலைதான் அந்த வீட்டுக்குச் சோறு.

மறுநாள் உச்சி வேளையில் மூவரும் கிணற்றடியில் நின்றார்கள். கலைமதி வழியை மறித்து நின்றாள்.

"ஆள் வெச்சி எடுத்துக்கலாம்டா. சொன்னா கேளு."

"ஆளு வர்றதுக்குள்ள மல்லாட்டையெல்லாம் உள்ள பருப்பில்லாம பொக்காப் பூடும்க்கா. இந்தச் சிங்கவரத்துல எனக்கு மேல மூச்சடக்கறவன் யாரு?" அவளைச் செல்லமாக ஒதுக்கிவிட்டு, நெஞ்சு நிறைய இழுத்துக் குதித்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. அலை பாறையில் மோதி அடங்கியது.

குமிழி ஒன்றுகூட இல்லை. அவன்தான் மூச்சை அடக்கியிருக்கிறானே.

குழாய் ஆடியது. பிறகு பலமாக ஆடியது. பிறகு நின்றுவிட்டது.

"இன்னாடி, இன்னும் காணோம்?" என்றாள் அம்மா. அவள் குரலே மாறியிருந்தது. எப்போதும் அவன் வரும் நேரம் தாண்டிவிட்டது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ வேலு! யாராவது வாங்களேன்!" என்று அலறினாள். அந்த வெயிலில் பக்கத்து நிலங்களில் ஒரு ஆள் இல்லை.

அப்போது குமிழி வந்தது. நேற்றைப்போலவே நிதானமாக, ஒரு கொத்து.

அதன் பக்கத்திலேயே இன்னொரு கொத்து. அவசர அவசரமாக.

இரண்டு வரிசை.

"மூச்சு வுடறான்! எம்புள்ள உசுரோட இருக்கான்!" அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

கலைமதி கும்பிடவில்லை. தண்ணீருக்கடியில் தம்பிக்கு மூச்சு விடக் காற்று ஏது? யாரோ கொடுக்கிறார்கள். யார் என்று அவளுக்குத் தெரியும். கொடுப்பவள் நல்லதற்குத்தான் கொடுக்கிறாள். ஆனால் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு அவன் எப்படி மேலே வருவான்? இத்தனை வருஷம் வந்தானே, அப்படித்தான். வாயை இறுக மூடிக்கொண்டு.

அவசரக் குமிழி நின்றுபோனது.

அவன் மேலே கிளம்பிவிட்டான்.

அவள் குதித்தாள். யோசிக்க நேரமில்லை. பயம் அவளோடு சேர்ந்தே விழுந்தது. கண்ணைத் திறந்தபடி கீழே நீந்தினாள். பச்சை இருட்டு. நாக்கில் உப்பு கரித்தது. கீழேயிருந்து ஒரு முகம் ஏறி வந்தது. வெற்றிவேல்தான். கன்னம் இரண்டும் உப்பி, உதடு இறுகி, கண் பிதுங்கி வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வெளுப்பாக ஏதோ ஒன்று, அவனை விடாமல் கூடவே வந்தது. முடி விரிந்து மிதந்தது.

கலைமதி அதன் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. பார்க்கக் கூடாது என்று தம்பியின் முகத்தையே பார்த்தாள். முஷ்டியை மடக்கி, பலம் கொண்ட மட்டும் அவன் வயிற்றில் குத்தினாள்.

அவன் வாய் திறந்தது. கொப்பளித்துக்கொண்டு காற்று வெளியேறியது. அவன் மறுபடி மூடப் பார்த்தான். மறுபடி குத்தினாள். ஊதடா, ஊதடா என்று மனசு கத்தியது. மேலே வெளிச்சம் வரும்வரை அவனை ஊத வைத்தாள்.

கிணற்றுப் படியில் இழுத்துப் போட்டபோது அவன் இருமினான். அவள் அவன் எச்சிலை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். ரத்தம் இல்லை. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மா இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"வால்வுல சிக்கியிருந்த நைலான் கயிறு கால்ல சுத்திக்கிச்சிக்கா," என்றான் மெதுவாக. "அவ்ளோதான்னு நெனச்சேன். யாரோ வாயில குழாய வெச்சாங்க. உப்பா இருந்துச்சி. கயித்தையும் அவங்கதான் எடுத்து வுட்டாங்க."  வாயை மூடத் தெரியாதவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

கலைமதி கிணற்றை எட்டிப் பார்த்தாள். குமிழி இல்லை. வாசனையும் இல்லை. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் பீறிக்கொண்டு வாய்க்காலில் ஓடியது. ஒரு கை அள்ளிக் குடித்தாள். எப்போதும் போலத் தித்திப்புத் தண்ணீர். போய்விட்டாள் என்று நெஞ்சு லேசானது. பூங்குழலிக்காக நிம்மதியாக ஒரு பாட்டம் அழுதாள்.

சாயங்காலம் அம்மா சுடச்சுட சோறு போட்டாள். வெற்றிவேல் தட்டைத் தொடாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சை நீளமாக இழுத்தான், நீளமாக விட்டான். அவசரமே இல்லை.

பிறகு கையைத் தூக்கினான். இடக்கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சேர்ந்தன.

"இன்னாடா கை அது?" என்றாள் அம்மா.

கலைமதி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். அந்தச் சைகையை அவள் இந்த வீட்டில் யாருக்கும் காட்டியதில்லை. அவன் காத்திருந்தான். பதில் வராவிட்டால் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கையை உயர்த்தி, அவளும் வளையம் காட்டினாள்.

அவன் முகம் தெளிந்தது. தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான், இடக்கையால்.

"வேலு," என்றாள் கலைமதி. "அந்தச் சுண்டுவெரல நீட்டுடா."

அவன் மடங்கியிருந்த விரலைப் பார்த்தான். முயன்றான். பிறகு குழந்தையைப்போல அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"வரலக்கா."