அயுத்தியாவிலிருந்து திரும்பியவர்

தலையணையில் பள்ளம் விழவில்லை.

படுக்கையைச் சரிசெய்யும்போதுதான் எமில்டா அதைக் கவனித்தாள். அவளுடைய தலையணை நடுவில் அமுங்கிக் கசங்கிக் கிடந்தது. பக்கத்தில் அவள் கணவர் ஞானரட்ணத்தின் தலையணை, உறை மாற்றிய அன்று இருந்ததுபோலவே உப்பி நின்றது. விரிப்பில் அவருடைய தோள் அழுந்திய தடம் இருந்தது. தோளுக்கு மேலே ஒன்றுமில்லை.

உயரமாகப் படுக்கப் பிடிக்காமல் தள்ளி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு தலையணையைத் தட்டி வைத்தாள். தட்டத் தேவையிருக்கவில்லை.

அவர்கள் பயணத்தால் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மெல்பேர்ணில் அவருடைய தங்கையின் மகளுக்குக் கல்யாணம். வரும் வழியில் பாங்கொக்கில் தங்கியபோது, ஹோட்டல்காரர்கள் ஒழுங்குசெய்த பஸ்ஸில் அயுத்தியா பார்க்கப் போனார்கள். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து மோர்டன் வீடு, அவருடைய பெற்றோல் நிலைய வேலை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்று இருந்துவிட்டவர்களுக்கு அதுவே பெரிய ஊர்சுற்றல்.

அது சீயத்தின், இப்போதைய தாய்லாந்தின், பழைய தலைநகரம். இருநூறு வருடங்களுக்கு முன்பு பர்மியப் படை வந்து எரித்துவிட்டுப் போனதாம். அரண்மனை இருந்த இடத்தில் செங்கல் அத்திவாரமும் புல்லும்தான் மிச்சம். அதன் பக்கத்தில் மூன்று பெரிய தூபிகள் கறுத்துப்போய் வெயிலில் நின்றன. மழை பெய்து விட்டிருந்தது. சுட்ட செங்கல்லில் தண்ணீர் காயும் மணம் எங்கும் அடித்தது. கூரையில்லாத சுவர்களைப் பார்த்துக்கொண்டு நடந்த ஞானரட்ணம், "எங்கட வீட்டுப் பக்கமும் இப்ப இப்பிடித்தான் கிடக்கும் போல" என்று மட்டும் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்து நெடுநாளாகியிருந்தது.

ஒரு கோயிலின் சுற்றுச் சுவரோரம் சிலைகள் வரிசையாக இருந்தன. சம்மணமிட்டு, மடியில் கைவைத்து, முதுகு நிமிர்த்தி. ஒன்றுக்கும் தலை இல்லை. கொஞ்சம் படைக்காரர் வெட்டியது, மிச்சம் கள்ளர் கொண்டுபோனது என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். ஒரு மரத்தின் வேர்களுக்குள் அகப்பட்டிருந்த சிலைத் தலை ஒன்றையும் காட்டி, அதைக் குனிந்துதான் பார்க்கவேண்டும் என்றாள். மற்றவர்கள் அப்பால் போக, ஞானரட்ணம் கடைசிச் சிலைக்குப் பின்னால் போய்க் குனிந்து, வெட்டுப்பட்ட கழுத்தில் தன் நாடியை ஊன்றினார்.

"பாவம். கொஞ்ச நேரத்துக்கு என்ர தலையை வைச்சிருக்கட்டும்."

எமில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வழிகாட்டிப் பெண் சிரிக்கவில்லை. ஓடிவந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, சிலைக்கு முன்னால் முழங்காலில் இருத்திக் கும்பிட வைத்தாள்.

பஸ் பாதி வழி வந்தபோது, "என்னவோ விட்டிட்டு வந்தமாதிரிக் கிடக்கு" என்றார். எமில்டா பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். குடையைப் பார்த்தாள், அவருடைய கண்ணாடியைப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் சளிக்காய்ச்சல் என்று வேலைக்கு லீவு சொன்னார். அதற்குப் பிறகு போகவேயில்லை. கார்ப்பெட்டில் சம்மணமிட்டு, பின்பக்கக் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி இருப்பார். இப்படி நிமிர்ந்து இருக்கிற மனிதர் இல்லை அவர். சோற்றுக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு எமில்டா குசினிக்குப் போவாள். வந்து பார்த்தால் கோப்பை காலியாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து, பிரஷ் போட்டு உரஞ்சினாலும் போகாத அவருடைய சட்டைக் கொலர்கள், இப்போது கடையிலிருந்து வந்ததுபோல வெள்ளையாக இருந்தன. நவம்பர் குளிரில், ஹீட்டர் போடாத அறையில், மழை நனைத்த சுடுசெங்கல் மணந்தது.

கூப்பிட்டால் பதில் வரும். ஆனால் கொஞ்சம் பிந்தி வரும். அவர் இருக்கிற அறையிலிருந்து வருவதுபோலவும் இராது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலோ, வெளியேயோ நின்று யாரோ அவருடைய குரலில், "ஓம், எமில்டா" என்பதுபோல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பிற்பகலில் எமில்டாவின் தங்கை மெற்றில்டா வந்தாள். அரைமணி நேரம் இருந்தாள். வழக்கமாக அத்தானோடு பகிடி விடுகிறவள், அன்று தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள். வாசலில் நின்று கோட்டுப் பொத்தானைப் பூட்டியபடி மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அத்தான் மீசையை எடுத்திட்டாரோ?"

"ஏன், நீ பாக்கேல்லையே?"

மெற்றில்டா தெருவைப் பார்த்தாள். "பாக்கத்தான் நினைச்சனான். கண் போகுதில்லை அக்கா. சட்டைப் பொத்தானோட நிண்டிட்டுது."

"விசர்க்கதை கதையாதை."

"அப்ப நீ சொல்லன். மீசை இருக்கோ?"

எமில்டா வாயைத் திறந்தாள்.

அவள் பார்த்திருந்தது அவருடைய கைகளை, முழங்காலை, நெஞ்சை. வந்த நாளிலிருந்து கொலருக்கு மேலே கண் போகவில்லை. போகும்போதெல்லாம் கதவுப் பக்கம், கர்த்தரின் படம், சுவர்க் கடிகாரம் என்று எங்காவது வழுக்கி விழுந்துவிடும். இத்தனை வருடம் பார்த்த முகம். நினைவில் தேடிப் பார்த்தாள். மூக்கு எப்படி? தெரியவில்லை. பல்? தெரியவில்லை.

"என்னோட வா அக்கா. இண்டைக்கு எங்கட வீட்டை படு."

"அவரை விட்டிட்டு எப்பிடி வாறது? காய்ச்சல்காரர்."

மெற்றில்டா படியிறங்கினாள். பஸ் தரிப்பிடம் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு எமில்டா வந்தபோது ஐந்து மணி இராது. அதற்குள்ளேயே லண்டன் இருட்டிவிட்டிருந்தது. லைட் போடாத அறையில் அவர் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி இருந்தார். எமில்டா அவருக்குப் பின்னால் நின்று, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள். இண்டைக்குப் பாக்கத்தான் வேணும்.

சட்டையின் முதுகுத் தையல். அதிலிருந்து மேலே. தோள். கண் நழுவியது. இழுத்துப் பிடித்தாள். தோள். கொலர். வெள்ளைக் கொலர்.

கொலருக்கு மேலே கண்ணாடிக் கதவு தெரிந்தது.

கதவு மட்டும்தான்.

"எமில்டா."

குரல் வெளியே இருந்து வந்தது. தோட்டத்திலிருந்து. அவருடைய குரல்தான், களைத்த குரல்.

அந்த உருவத்தைத் தொடாமல் சுவரோடு ஒட்டி நகர்ந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, செருப்பில்லாமல் ஈரப் புல்லில் இறங்கினாள். தோட்டத்து முடிவில், வேலியோரம், கவுன்சில்காரர் வெட்ட விடாத பெரிய மரம். நடைபாதைக் கல்லையே கிளப்பிவிட்ட வேர்கள்.

"எங்க நிக்கிறியள்?"

"கீழ."

காலடியில் கேட்டது.

"நிண்டுகொண்டு பாக்காதையும். குனியும்."

முழங்காலில் விழுந்தாள். பக்கத்து வீட்டு யன்னல் வெளிச்சம் வேலிக்கு மேலால் விழுந்தது. இரண்டு தடித்த வேர்களுக்கு நடுவில், மண்ணோடு மண்ணாக, ஒரு முகம். நரைத்த மீசை. சின்ன வயதில் சைக்கிளால் விழுந்த தழும்பு, இடப் புருவத்தில். எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மறந்தது எப்படி என்று தெரியவில்லை. ஒரு காதை மரப்பட்டை மூடியிருந்தது. நெற்றியில் மெல்லிய வேர்கள் மயிர்போலப் படிந்திருந்தன.

கண்கள் திறந்திருந்தன.

"வந்திட்டீர்," என்றார். "கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப்போனன்."

"நான் எடுக்கிறன். பொறுங்கோ. எடுத்துவிடுறன்."

நகத்தால் மண்ணைக் கிளறினாள். நகம் பிய்ந்தது. வேர் அசையவில்லை. கன்னத்தைத் தொட்டாள். குளிர். ஆனால் கன்னம். அவருடைய கன்னம்தான். சவரம் செய்யாத மயிர் விரலில் குத்தியது.

"எமில்டா, விடும். எழும்பி ஓடும்."

"உங்களை விட்டிட்டோ?"

அவருடைய கண்கள் அவளுடைய முகத்தை விட்டு விலகின. அவளுடைய தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால், உயரத்தில் எதையோ பார்த்தன. ஈரப் புல்லில் வெறுங்கால் அழுந்தும் சத்தம். மெதுவாக. ஒன்று. இன்னொன்று.

அவள் திரும்பவில்லை.

ஞானரட்ணம் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து அவளுடைய காதுகளின் இருபுறமும் பதிந்தன. உள்ளங்கைகள் வெயிலில் கிடந்த கல்லைப்போலச் சுட்டன. அவை அவசரப்படவில்லை. நெற்றி, மூக்கு, நாடி என்று தடவிப் பார்த்துவிட்டு, கழுத்துக்கு இறங்கின.