அம்மாவின் லேப்டாப் எதை மறந்தது?

எங்கள் அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பட்டன் பேட்டரியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. அம்மாவின் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டத் திறந்தவர், உள்ளே அப்படியொன்று இருப்பதைப் பார்த்ததும் புதிதாக மாற்றிவிட்டார். கேட்டால், "இலவச சர்வீஸ்!" என்றார்.

மறுநாள் காலையில் லேப்டாப் நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்தது. மறுபடி போட்டாலும் அதே நீலம்தான்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. மாலையில் பள்ளி நாடகம். அதற்கு அம்மா எம்ப்ராய்டரி போட வேண்டிய சட்டைகள் மெஷின் பக்கத்தில் குவிந்து கிடந்தன. வரைந்த டிசைன் எல்லாம் லேப்டாப்புக்குள்.

"கம்ப்யூட்டர் கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடணுமாம்," என்றார் அப்பா, தலையைச் சொறிந்தபடி.

"அழிக்கிறதா? என் உழைப்பு அத்தனையும் அதுலதான் இருக்கு! அது பாட்டுக்கு இருந்துச்சே, ஏன் கை வெச்சீங்க?"

அம்மாவின் குரல் உடைந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"யாரும் எதையும் அழிக்க வேண்டாம். கொஞ்சம் தள்ளுங்க," என்றேன்.

"ஏய் வாலு, நீ வேறயா?"

"இரும்மா. அப்பா, டிஜிட்டல் கடிகாரத்துல பேட்டரியைக் கழட்டினா என்ன ஆகும்?"

"நேரம், அலாரம் எல்லாம் மறந்துடும். திரும்ப செட் பண்ணணும்."

"இதுவும் எதையோ மறந்திருக்கும்!"

லேப்டாப்பைப் போட்டதும் எஃப் டூ பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பயாஸ் திறந்தது. கணினி கண் விழித்ததும் முதலில் பார்க்கும் அமைப்புகள் அங்கேதான் இருக்கும். பள்ளியில் டீச்சர் காட்டியிருந்தார். உள்ளே தேதி, நான் பிறப்பதற்கு முந்தைய வருடத்தில் நின்றது. பார்த்தீர்களா, நான் நினைத்தது சரி! ஹார்டு டிஸ்க்கின் பெயரும் தெரிந்தது. அப்படியென்றால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிஸ்க் வேலை செய்யும் முறைக்கு இரண்டே தேர்வுகள் இருந்தன: ஐ.டி.இ., ஏ.ஹெச்.சி.ஐ. இப்போது ஐ.டி.இ.யில் இருந்தது.

"பேட்டரியைக் கழட்டினதும் மறந்துபோய் இதுக்கு மாறியிருக்கும். நம்மளோடது இன்னொண்ணா இருந்திருக்கும். மாத்திப் பார்க்கிறேன்."

"தப்பாப் போயிட்டா?" என்றார் அம்மா.

"பழையபடி வெச்சுடலாம். இதை மாத்தினா டிசைன் எதுவும் அழியாதும்மா."

மாற்றினேன். தேதியையும் திருத்திச் சேமித்தேன்.

நீலத் திரை வரவில்லை. டிசைன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அம்மா என்னைக் கட்டிக்கொண்ட வேகத்தில் நாற்காலியே சாய்ந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. அப்பா சத்தமில்லாமல் சட்டைகளை மடித்து அடுக்கினார்.

மாலையில் அந்தச் சட்டைகளோடு பிள்ளைகள் மேடைக்கு வந்தார்கள். முதுகில் தங்க நூல் சிங்கங்கள்! அரங்கமே அவர்களைப் பார்த்துக் கை தட்டியது. அம்மா மட்டும் என் பக்கம் திரும்பித் தட்டினார்.