முதலில் யாரிடம் சொல்வது?

எங்கள் வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேருக்கும் மலையாளம் நன்றாகப் பேச வரும். வாசிக்க எனக்கு மட்டும்தான் வரும்.

அப்பா தாணுமாலையனுக்கு நாகர்கோவில் பக்கம். அம்மா சுடலைமாடத்திக்குத் திருநெல்வேலி. இருவரும் தமிழில் படித்தவர்கள். திருவனந்தபுரத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மீன்காரரிடம் மலையாளத்தில் பேரம் பேச அம்மாவை விட்டால் ஆளில்லை. ஆனால் ஒரு நோட்டீஸ் வந்துவிட்டால், "ஏட்டி மீனு, இதுல என்ன போட்டிருக்கு?" என்று என்னைத்தான் தேடுவாள்.

தண்ணீர் வராத நாள், ரேஷன் கடைச் செய்தி, தம்பி பிரஜினின் பள்ளிக் கடிதம், இருமல் மருந்துச் சீட்டு, மலையாளமானாலும் இங்கிலீஷானாலும் எல்லாம் என் கைக்குத்தான் வரும். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு வேறு எந்த வீட்டில் இவ்வளவு மரியாதை கிடைக்கும்? எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அப்பா ஆரியசாலையில் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறார். மிளகாய் மூட்டை, பருப்பு மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்ச் சாலை பஜார் கடைகளில் இறக்குவார். ஒருநாள் அவர் கையிலும் தொடையிலும் நீலநீலமாகத் தடம் தெரிந்தது.

"மூட்டை இடிச்சிருக்கும்" என்றார்.

பிறகு பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. "பிரஷ் குத்தியிருக்கும்" என்றார். அதற்கடுத்த வாரம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. இப்போது குற்றம் சொல்ல மூட்டையும் இல்லை, பிரஷும் இல்லை. அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் அப்பாவுக்கு மிகவும் குறைந்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். ஏன் குறைந்தன என்று தெரிய வேண்டும். இரத்தம் உருவாவது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். அதனால் இடுப்பு எலும்பில் ஊசி போட்டு, கொஞ்சம் மஜ்ஜை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

"கேன்சரா இருக்குமா டாக்டர்?" என்று அம்மா கேட்டாளாம்.

"ரிசல்ட் வரட்டும். பத்து நாள் ஆகும்" என்றாராம் டாக்டர்.

முதல் மூன்று நாள் அப்பாவால் நேராக உட்கார முடியவில்லை. இடுப்பில் கட்டோடு ஒருபக்கமாகச் சாய்ந்தே சாப்பிட்டார். பிரஜினும் அதேபோலச் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டோடு கவிழ்ந்தான். அந்தப் பத்து நாளில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நான்காம் நாள் மாலை, அப்பா என்னை ஆட்டோ பக்கம் கூப்பிட்டார். கண்ணாடி துடைப்பதுபோலப் பாவனை செய்துகொண்டே பேசினார். நாகர்கோவில் வழக்கப்படி என்னை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்.

"மக்களே, ரிசல்ட்டு வந்தா நீதானே வாசிக்கணும்?"

"ஆமாப்பா."

"என்ன இருந்தாலும் மொதல்ல எங்கிட்ட மட்டும் சொல்லு, கேட்டியா? அம்மைக்குத் தெரியப்பிடாது. அவ தாங்கமாட்டா. பக்குவமா நான் சொல்லிக்கிடுதேன். சத்தியம் பண்ணு."

அவர் நீட்டிய கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் குழாயடியில் அம்மா குடத்தை நிரம்பவிட்டுவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஏட்டி, ரிசல்ட்டு வந்ததும் மொத எங்கிட்டதான் சொல்லணும். உங்கப்பாட்ட மூச்சு விட்ராத. அவுக தாங்கமாட்டாக. வெளியதான் வீறாப்பு."

"அம்மா, அது வந்து..."

"சத்தியம் பண்ணுட்டி!"

குடம் நிரம்பி வழிந்தது. அம்மாவின் கண்ணும் அப்படித்தான் இருந்தது. நான் என்ன செய்வேன்? அந்தக் கையிலும் அடித்துவிட்டேன்.

அடுத்து வந்தவன் பிரஜின். அவனுக்கு ஆறு வயது. "மீனு சேச்சி, ரிசல்ட்டு வந்தா எங்கிட்ட மொதல்ல சொல்லு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றான். போன மாதம் எனக்குக் கணக்கில் எட்டு மதிப்பெண் வந்ததைத் தெருமுனைவரை அறிவித்தவன் இவன்தான். இவனுக்கு மட்டும் நான் சத்தியம் செய்யவில்லை.

அப்பாவிடம் முதலில் சொன்னால் அம்மாவுக்குச் செய்த சத்தியம் போச்சு. அம்மாவிடம் சொன்னால் அப்பாவுக்குச் செய்தது போச்சு. பள்ளியில் பாடம் நடக்கும்போதும் இதே யோசனைதான். கண்ணாடி முன்னால் நின்று, கெட்ட சேதியை வாசித்தாலும் வெளியே தெரியாத மாதிரி ஒரு முகத்தைப் பழகிப் பார்த்தேன். பல் வலிக்காரியின் முகம் மாதிரி இருந்தது.

பத்தாம் நாள், சனிக்கிழமை காலை, அப்பாவின் செல்பேசியில் செய்தி வந்தது. நான் வாசித்தேன். "ரிசல்ட் தயார். கவுண்டரில் வாங்கிக்கொண்டு டாக்டரைப் பார்க்கவும்."

"நானும் மீனுவும் போய்ட்டு வாறோம்" என்றார் அப்பா.

"நானும் மீனுவும் போய்ட்டு வாறோம்" என்றாள் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். கடைசியில் நாலு பேருமே கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினோம்.

கவுண்டரில் வெள்ளைக் கவரைக் கொடுத்தார்கள். அப்பா வாங்கவில்லை. அம்மாவும் வாங்கவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாங்கினேன். ஒட்டாத கவர். மேல் மடிப்பைத் தூக்கினால் போதும், உள்ளே இருப்பதை வாசித்துவிடலாம்.

எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று. அறைக்கு மேலே சிவப்பு எழுத்தில் பதினாறு என்று ஓடியது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா எழுந்தாள். "பாத்ரூமுக்குப் போணும். துணைக்கு வாட்டி" என்றாள். என் கையிலிருந்த கவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பிரஜின் வருவான்மா" என்றேன்.

"நான் லேடீஸ் பாத்ரூமுக்கு வரமாட்டேன்!" என்று அவன் கத்தினான். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம், அப்பா என் தோளைத் தொட்டார். "வா மக்களே, சாயா குடிப்போம்."

சாயாக் கடை வராந்தாவின் கோடியில் இருந்தது. அப்பா சாயா வாங்கவே இல்லை. தூண் ஓரமாக நின்று, "இப்ப வாசி" என்றார். அவர் குரல் நடுங்கியது. மிளகாய் மூட்டையைத் தோளில் தூக்கிப் போடுகிற அப்பாவுக்குக் குரல் நடுங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான் மடிப்பைத் தூக்கினேன். காகிதத்தின் ஓரம் தெரிந்தது. வெளியே இழுக்க விரல் வரவில்லை.

"என்ன மக்களே?"

"அப்பா, அம்மாகிட்டயும் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்னான்னு?"

"மொதல்ல அம்மாகிட்டதான் சொல்லுவேன்னு. நீங்க தாங்கமாட்டீங்களாம்."

அப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. "நானா? நான் தாங்கமாட்டேனா? அவளாக்கும் தாங்கமாட்டா!"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றீங்க" என்றேன். அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் பத்து நாளாகத் தொண்டையில் இருந்தது தானாக வெளியே வந்துவிட்டது. "யாருக்கு மொதல்ல சொன்னாலும், அதுக்கு முன்னாடி நான் தனியா வாசிக்கணுமேப்பா. எனக்குப் பயமா இருக்கு."

அப்பா என் கையிலிருந்து கவரை மெதுவாக எடுத்து, மடிப்பை மூடி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒன்ன நான் நெனைக்கவே இல்லையே மக்களே" என்றார்.

அதற்குள் அம்மா எங்களைத் தேடிக்கொண்டு வேகமாக வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் இங்க? வாசிச்சாச்சா? என்ன போட்டிருக்கு?"

"ஒருத்தரும் வாசிக்கல. ஒனக்கும் சத்தியம், எனக்கும் சத்தியமாம். பிள்ளை நடுவுல கெடந்து பயப்படுது" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அப்போது நான் அழக்கூட இல்லை, ஆனாலும் துடைத்தாள்.

"அப்ப யாருதான் வாசிக்க?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "டாக்டர் வாசிக்கட்டும்மா. அவங்க மலையாளத்துலதானே பேசுவாங்க? கேக்கத்தான் உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமே. நாலு பேரும் ஒண்ணா நின்னு கேப்போம். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"செரி" என்றார்கள்.

முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. சிவப்பு எண் ஒவ்வொன்றாக மாறும்போதும் அம்மாவின் பிடி என் கையில் இறுகியது. நாற்பத்தொன்று வந்தது. வாசலில் நின்ற சிஸ்டர், "ரோகியும் கூடே ஒராளும் மதி" என்று தடுத்தார். நோயாளியும் உடன் ஒருவரும் போதுமாம்.

நான் மலையாளத்தில் சொன்னேன். "சிஸ்டர், நாங்கள் எல்லாரும் ஒன்றாகக் கேட்டால்தான் சரியாக வரும். தனியாகக் கேட்டால் ஒருவரிடம் ஒருவர் மறைப்பார்கள்."

சிஸ்டர் அப்பாவையும் அம்மாவையும் பார்த்தார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

டாக்டர் கவரிலிருந்து தாளை எடுத்தார். முதல் பக்கம் வாசித்தார். இரண்டாம் பக்கம் வாசித்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லதா, கெட்டதா?" என்று பிரஜின் கேட்டுவிட்டான்.

டாக்டர் நிமிர்ந்தார். "பேடிக்கண்டா. கேன்சர் அல்ல" என்றார்.

பயப்பட வேண்டாம் என்பதும், கேன்சர் இல்லை என்பதும் நாலு பேருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் மஜ்ஜை நன்றாகத்தான் வேலை செய்கிறதாம். நோயை விரட்ட வேண்டிய உடம்பின் காவல் படையே தவறாக நினைத்துத் தட்டணுக்களை அழிக்கிறதாம். மாத்திரை சாப்பிட வேண்டும். வாரம் ஒரு தடவை இரத்தப் பரிசோதனை. குணமாகச் சில மாதம் ஆகலாம்.

"மூட்டை தூக்கலாமா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"கூடவே கூடாது!" என்று டாக்டருக்கு முன்பே அம்மா சொன்னாள்.

வெளியே வந்ததும் பிரஜின் ஓட எத்தனித்தான். இவன் அறிவிக்கப் போகிறான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "மெள்ளப் பேசுலே. இங்க இன்னும் எத்தனை பேரு காத்திருக்காக" என்று அவன் வாயைப் பொத்தினாள்.

அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதோ, அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. விசும்பல் இல்லை, பெரிய அழுகை. மூக்கெல்லாம் ஒழுகியது.

அம்மா பதறிவிட்டாள். "ஏட்டி, நல்ல சேதிக்கு எதுக்கு இப்படி அழுத?"

"பத்து நாளா அழ முடியலையேம்மா. நான்தானே வாசிக்கணும்" என்றேன்.

அம்மா என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அப்பா அவருடைய பெரிய கைக்குட்டையை நீட்டினார். அதில் மிளகாய் நெடி அடித்தது. நான் தும்மினேன், அழுதேன், மறுபடியும் தும்மினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து அப்பா குனிந்து கேட்டார். "அழுது முடிஞ்சாச்சா மக்களே?"

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா."

"செரி. நிதானமா முடி. பஸ்ஸு ஆயிரம் வரும். நாங்க இங்கதான் நிக்கோம்."

நான் அழுது முடிக்கும்வரை மூன்று பேரும் என்னைச் சுற்றி அங்கேயே நின்றார்கள்.