படத்துக்கு முந்திய கவிதை

அவள் நோட்டில் அன்றைய கவிதை ஏற்கெனவே இருந்தது. படம்தான் இன்னும் வரவில்லை.

தினமும் விடிந்ததும் அண்ணன் ஒரு படம் அனுப்புவான். ஏரிக்கரையில் அறை எடுத்துத் தங்கிப் பறவைகளைப் படம் பிடிப்பவன் அவன். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புமுன் அவள் அதற்கு நான்கு வரி எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்து இணையத்தில் போடுவார்கள். ஒரு வருடம் விடாமல் செய்வதாக ஒப்பந்தம். ஐந்தாவது மாதத்திலேயே அவளுக்குக் கல்லில் நார் உரிக்கிற கதையாகிவிட்டது. ஏரி என்றால் கண்ணாடி, பறவை என்றால் விடுதலை. எழுதி எழுதிக் கிழித்தாள். போதாக்குறைக்கு அண்ணன் வேறு, "படத்தைப் பத்தி எல்லாரும் பேசறாங்க. உன் கவிதையை யாரும் கண்டுக்கவே இல்லியே" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினான்.

இப்போது மேசையில், அவள் கையெழுத்தில், நான்கு வரி:

நனைந்த கொக்கு
சிறகை உதறுகிறது.
ஏரி ஒவ்வொரு துளியையும்
எண்ணி வாங்கிக்கொள்கிறது.

தாள் லேசாக ஈரமாக இருந்தது. நாள்பட்ட தண்ணீரின், அழுகிய தண்டின், ஆழத்துச் சேற்றின் வாடை அதிலிருந்து எழுந்து, அடுப்படியில் கணவன் போட்டுக்கொண்டிருந்த காப்பியின் மணத்தையும் மீறி மூக்கில் ஏறியது.

"இதை நீங்களா எழுதினீங்க?"

அவன் எட்டிப் பார்த்தான். "உன் கையெழுத்துதானே? தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்ப."

போன் சிணுங்கியது. படம் வந்தது. சிறகை உதறும் கொக்கு.

அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, வயிற்றெரிச்சல். அவளால் ஒரு மாதமாக முடியாததை யாரோ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஆனாலும் அதையே போட்டாள். பாராட்டுகள் குவிந்தன. "இப்பதான்டி நீ எழுதவே ஆரம்பிச்சிருக்க" என்றான் அண்ணன். அவளுக்கு அறை வாங்கியது போலிருந்தது.

மறுநாளும் கவிதை காத்திருந்தது. அதற்கு மறுநாளும். தாமரை என்றால் தாமரை, ஆமை என்றால் ஆமை. கவிதை சொன்னதுதான் படமாக வந்தது. தாள்தான் நாளுக்கு நாள் அதிகமாக நனைந்திருந்தது. ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயரிலேயே போட்டாள்.

ஆறாம் நாள் நோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் குனிகிறான்.
அடியிலிருந்து பார்க்க
எவ்வளவு சின்ன முகம்.
எத்தனை காலப் பசி.

படம் வரவில்லை. அண்ணனை அழைத்தாள்.

"எங்கண்ணா இருக்க?"

"படகுல. மெதுவா பேசு. தண்ணிக்குள்ள என்னவோ வெள்ளையா தெரியுது."

"குனியாதண்ணா! கரைக்கு வந்துடு. உடனே வா!"

"உனக்குக் கவிதை வரலன்னா என் மேல ஏன்டி கத்தற? இரு... அசையுது. ஒரே ஒரு படம் எடுத்துக்கறேன்."

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. மீண்டும். எடுக்கவில்லை.

தாளைக் கிழித்தாள். அடுத்த தாளில் பேனாவை அழுத்தினாள். "அண்ணன் கரையேறினான்" என்று எழுதினாள். அடித்தாள். "அண்ணன் வீடு திரும்பினான்." அடித்தாள். செத்த வரிகள். ஐந்து நாள் இரவல் வரிகளில் மினுக்கியவளுக்குத் தனக்கென்று ஒரு வரி வரவில்லை. ஒரே ஒரு வரி. வரவில்லை.

போன் சிணுங்கியது.

அண்ணனின் எண்தான். படம்.

கீழிருந்து மேலே பார்த்து எடுத்த படம். கலங்கிய பச்சை நீர். மேலே படகின் கரிய அடிவயிறு. விளிம்பில் அண்ணன் குனிந்திருந்தான். அவனுடைய கேமரா அவன் கையிலேயே இருந்தது. ஒரு கண்ணை மூடி, குறி பார்த்து, சிரித்துக்கொண்டிருந்தான்.

படத்தின் கீழ் மூலைகள் இரண்டிலிருந்தும், அவன் முகத்தை ஏந்திக்கொள்வது போல, இரண்டு வெளுத்த கைகள் நிதானமாக மேலே நீண்டிருந்தன.